மூடி டம்ளரும் கடை கிளாஸும்

என் பொண்ணு சென்னையிலருந்து வரும்போது எனக்கு ஒரு டிராவல் மக் வாங்கிக்கினு வந்தா. குடுத்துட்டு சும்மா இருந்திருக்கலாம். உக்கார வச்சு அதோட நன்மைங்களைப் பாடம் எடுத்தா. சூடு ஆறாதாம். பஸ்ஸு குலுங்கினாலும் சிந்தாதாம். காகிதக் கப்புக் குப்பை சேராதாம். கண்டவங்க வாய் வச்ச கிளாஸ்ல நாம குடிக்க வேணாமாம். கடைசியா சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கலை. அடியே, கண்டவங்க வாய் வச்ச கிளாஸ்ல குடிக்கணும்னே மல்லுக்கு நின்னவடி உங்கம்மா, அந்தக் கதை தெரியுமா உனக்குன்னு கேட்டேன். தெரியாதுன்னா. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன்.

டிராவல் மக்னா ஏதோ நேத்து வந்த சாமான்னு அவ நினைச்சுக்கினு இருக்கா. அவ பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே என் பையில ஒண்ணு இருந்துச்சு. அதுக்கும் முன்னாடி எங்க ஜனங்க எதுல குடிச்சாங்கன்னு சொன்னாத்தான் இந்தக் கதை நிக்கும்.

எங்க வூடு கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல. அப்பா டவுன்ல மூட்டை தூக்குறவரு. அவரு சின்ன வயசுல களமருதூர் பக்கம் அறுப்புக்குப் போவாராம். அப்ப அவங்களுக்கு டம்ளர்னா ரெண்டு கைதான். கையைச் சேர்த்து, மணிக்கட்டை வாய்ல ஒட்டிக்கினு குனிஞ்சு நிக்கணும். மேலேருந்து ஊத்துவாங்க. பாதித் தண்ணி வயித்துக்குப் போவும், பாதி முழங்கையில வழியும். அப்பால ஊருக்கு ஊர் டீக்கடை வந்துச்சு, அதோட கொட்டாங்குச்சி வந்துச்சு. கடைக் கூரையில சொருகி இருக்கும். நாமளே எடுத்துக் குடிச்சு, நாமளே கழுவி, திரும்பச் சொருகிட்டு வரணும். அதுக்கும் அப்பால பிடி வச்ச அலுமினிய டம்ளர். அது கடைக்கு வெளியில ஒரு ஆணியில தொங்கும். கொட்டாங்குச்சிக்கு இது எவ்வளவோ தேவலைன்னு அப்பா சொல்லுவாரு. எனக்குப் பத்திக்கினு வரும். உனக்கு எல்லாமே தேவலைதான் போன்னு சண்டைக்குப் போவேன்.

இன்னொண்ணும் இருக்கு. எச்சி படாம அண்ணாந்து குடிக்கிறது நம்ம பக்கம் எல்லா ஜனங்களுக்கும் பழக்கம்தான். எங்களுக்கு அது பழக்கம் இல்லை, பயம். வெளியில யாராவது நல்ல பாத்திரத்துல குடுத்துட்டா உதட்டுல படாமதான் ஊத்திக்கணும். தண்ணின்னா சரி. கொதிக்கிற டீயை எப்பிடி ஊத்திக்கிறது? தொண்டை வெந்துடாதா? அதனால ஆற வச்சு, ஆடை படிஞ்ச பொறவு ஊத்திக்குவாங்க. எங்கப்பா வெளியில எங்கயும் சூடா ஒரு டீ குடிச்சு நான் பாத்ததே இல்லை.

நான் நர்சு படிச்சேன். வேலை கல்வராயன் மலையில போட்டாங்க. இட ஒதுக்கீடு கேட்டு எங்க பக்கத்து ஊர்த்தெரு ஜனங்க ரோட்டுல இறங்கி நின்ன வருஷங்க அது. டவுன்லருந்து காலையில ஒரு பஸ்ஸு புடிச்சு மலை அடிவாரத்துல இறங்கணும். அங்க மலை பஸ்ஸுக்கு நிக்கணும். அந்த பஸ்ஸு எப்ப வரும்னு அந்த பஸ்ஸுக்கே தெரியாது. அந்த நிறுத்தத்துல இருந்தது ஒரே ஒரு டீக்கடை.

கடைக்காரர் டீ போடுறதுல கெட்டிக்காரரு, அதை நான் மறுக்க மாட்டேன். முதல் நாள் என் நர்சு சேலையைப் பாத்துட்டு, வாங்க நர்சம்மான்னு கண்ணாடி கிளாஸ்ல நுரை பொங்கக் குடுத்தாரு. குடிச்சுக்கினு இருக்கும்போதே, டவுன்ல எந்தப் பக்கம்னு கேட்டாரு. கருணாபுரம்னேன். அதுல எந்தத் தெருன்னாரு. அதையும் சொன்னேன். மறைக்கிறதுக்கு நான் இன்னா திருடிக்கினா வந்தேன்? மறுநாள் அவரு கை கிளாஸ் வரிசைக்குப் போவலை. நேரா ஆணிக்குப் போச்சு. மரியாதையெல்லாம் கம்மி பண்ணலை, அதே நர்சம்மாதான், அதே சிரிப்புதான். டம்ளர் மட்டும் அலுமினியம்.

நான் தொடலை. காசை வச்சுட்டு வந்து புளியமரத்தடியில நின்னுட்டேன். உடம்பெல்லாம் எரிஞ்சுது. அடுத்தடுத்த நாளும் டீ குடிக்காமலே மலை ஏறினேன். ரோசம் நல்லதுதான், ஆனா தலைவலிக்கு அது மருந்து இல்லை. டீ இல்லாம எனக்குக் காலையில கண்ணே தொறக்காது.

அந்த வாரக் கடைசியில டவுன்ல பாத்திரம், ஃபேன்சி சாமான் விக்கிற ஒரு பாய் கடைக்குப் போனேன். சிங்கப்பூர்லருந்து வந்த ஆளு ஒருத்தரு வித்துட்டுப் போனதுன்னு பாய் ஒரு டம்ளரை எடுத்து வச்சாரு. உள்ள ஒரு சுவரு, வெளியில ஒரு சுவரு, ரெண்டும் எவர்சில்வரு. பக்கத்துல பிடி. மேல கறுப்பு மூடி, மூடியில சின்ன ஓட்டை, அந்த ஓட்டையை மூட ஒரு தாழ்ப்பா. பாய் அதுல சுடு தண்ணி ஊத்தி மூடி என் கையில குடுத்தாரு. வெளியில சூடே தெரியலை. கவுத்துக் காட்டினாரு, சொட்டலை. அடுத்தவங்க வாய் படாதும்மா, சுத்தம்னாரு. என் பொண்ணு இன்னிக்குச் சொன்ன அதே பாடம்தான், பாய் அப்பவே எடுத்துட்டாரு.

எனக்கு அதுல புடிச்சது வேற. அந்த ஓட்டைக்கு அண்ணாந்து குடிக்க முடியாது. மூக்குல, சேலையில எல்லாம் ஒழுவும். வாய் வச்சு உறிஞ்சினாத்தான் வரும். எங்க வம்சத்துலயே தெருவுல நின்னு வாய் வச்சு சூடா டீ குடிக்கப் போற முதல் ஆளு நான்தான்னு நெஞ்சை நிமித்திக்கினு வாங்கினேன்.

மறுநாள் அடிவாரத்துல கடைக்காரர் கை ஆணிக்குப் போறதுக்குள்ள என் மூடி டம்ளரை எடுத்து நீட்டினேன். இதுல ஊத்துங்கண்ணேன்னேன். அவரு முகத்தைப் பாக்கணுமே! கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்தாப்ல ஆயிடுச்சு. ஆடை இல்லாம, சக்கரை ஜாஸ்தியா, வழிய வழிய ஊத்தினாரு. எனக்கு ஒரே பெருமை. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன்.

அந்த டம்ளரால எனக்குக் கிடைச்ச சவுகரியம் கொஞ்சநஞ்சம் இல்லை, அதையும் சொல்லிடணும். மலை ரோடு வளைஞ்சு வளைஞ்சு ஏறும், பாதி பஸ்ஸு வாந்தி எடுத்துக்கினு வரும். நான் ஜன்னலோரமா உக்காந்து மெதுவா உறிஞ்சிக்கினு போவேன். மேல வெள்ளிமலை போய்ச் சேர்ற வரைக்கும் சூடு இருக்கும். கண்டக்டரு, எங்கேம்மா வாங்கின, எனக்கும் ஒண்ணு கிடைக்குமான்னு கேப்பாரு. மேல வூடு வூடா போவும்போது சாமைக் கஞ்சி குடுப்பாங்க, அதையும் அதுல வாங்கிக்குவேன். சில வூட்ல சுரைக்குடுக்கையிலருந்து தண்ணி சாய்ச்சுக் குடுத்து உள்ள கூப்பிடுவாங்க, சில வூட்ல என்னையும் வாசல்லயே நிறுத்திடுவாங்க. மலையில இருக்கிறவங்க எல்லாரும் தங்கக் கம்பின்னு நான் எழுத மாட்டேன். எங்க நிறுத்தினாலும் என் டம்ளர் என் கையில இருக்கு, உன் பாத்திரம் யாருக்கு வேணும்னு ஒரு மிதப்பு எனக்கு.

அந்த மிதப்பை ஒருத்தி ஊசி குத்தி இறக்கினா. அடிவாரத்துக் காலனிப் பொண்ணு, என் வயசுதான் இருக்கும். மரவள்ளிக் கிழங்கு புடுங்கற கூலி வேலைக்குப் போறவ. வாய் எப்பவும் வெத்தலையில செவந்து கிடக்கும், அந்த வாய்க்குப் பூட்டும் கிடையாது. அவ தினம் ஆணியிலருந்து அலுமினிய டம்ளரை எடுத்துக் குடிச்சு, தொட்டியோரமா கழுவி மாட்டிட்டுப் போவா. ஒரு நாள் என் பக்கத்துல வந்து உக்காந்து என் டம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. நல்லா இருக்குன்னா. நானும் மூடி, தாழ்ப்பா எல்லாம் காட்டிப் பெருமை அடிச்சேன். முழுசா கேட்டுட்டு அவ சொன்னா:

"யக்கா, நீ இதைக் கொண்டாந்ததுல உன்னை விட கடைக்காரருக்குத்தான் நிம்மதி. கவர்மெண்ட்டு நர்சுக்கு கிளாஸ் குடுத்தா ஊரு பேசும், அலுமினியத்துல குடுத்தா நீ முறைப்ப. இப்ப பாம்பும் செத்துச்சு, தடியும் முறியலை."

எனக்குச் சுருக்குன்னுச்சு. உன் வேலையைப் பாருன்னு டம்ளரைப் புடுங்கிக்கினு பஸ்ஸுல ஏறிட்டேன். ஆனா அன்னிக்கு முழுக்க அவ பேச்சு காதுலயே ரீங்காரம் போட்டுச்சு. அவ சொன்னதுல இன்னா தப்பு? நான் ஆணியை ஜெயிக்கலை. ஆணி பக்கம் போவாம சுத்திக்கினு போனேன், அவ்ளோதான். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கினேன். அவரு தினம் சக்கரை ஜாஸ்தியா போட்டது மரியாதைக்கு இல்லை, தப்பிச்ச சந்தோஷத்துக்கு.

சரி, நாளைக்கே கிளாஸ்ல குடுன்னு கேட்டுடறதுன்னு கிளம்பினேன். அங்க போனா வாய் வரலை. தினம் நிக்க வேண்டிய நிறுத்தம், கூட நிக்க ஆளு கிடையாது. போராட்டம் சூடா இருந்த நேரம், எதுக்கு எது பத்திக்கும்னு சொல்ல முடியாது. கேட்டு அவரு மாட்டேன்னுட்டா அந்த அவமானத்தை தினம் பாத்துக்கினு நிக்கணும். கேக்கணும் கேக்கணும்னு தினம் நினைச்சுக்கினே மூடி டம்ளரை நீட்டிக்கினு இருந்தேன்.

அப்பத்தான் சாலை மறியல் வந்துச்சு. ரோட்டுக்குக் குறுக்க மரத்தை வெட்டிப் போட்டுட்டாங்க. நாங்க அடிவாரத்துல இறங்கின கொஞ்ச நேரத்துல பின்னாடியும் ரோடு அடைஞ்சு போச்சு, மலை பஸ்ஸும் வரலை. போவவும் முடியாம திரும்பவும் முடியாம ஒரு கூட்டமே கடையைச் சுத்தி நின்னுச்சு. தூறல் வேற. கடைக்காரர் வூட்டு ஆளுங்களும் மறியல்ல இருந்தாங்க. அவரோட மாமனாரு, வயசானவரு, திருப்பத்துல ரோட்டு நடுவுல தார்ப்பாய் போட்டு உக்காந்துக்கினு இருந்தாரு. அவருக்குக் குளிர் ஒத்துக்காது, சூடா டீ வேணும். கடையிலருந்து அங்க நல்ல தூரம். கடையில இருந்த பிளாஸ்க் முதல் நாளே கீழ விழுந்து உள்ள நொறுங்கிப் போச்சு. தூக்குல கொண்டு போனா ஆறிப் போவுதாம், ஆறின டீயைப் பெரியவரு மண்ணுல ஊத்திட்டாராம்.

கடைக்காரர் கையைத் தொடச்சிக்கினு என்கிட்ட வந்து நின்னாரு.

"நர்சம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க டம்ளரைக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா மாமனாருக்கு டீ கொண்டு போயிட்டு வந்துடுவேன்."

அடப்பாவின்னு மனசுக்குள்ள சிரிச்சேன். அடுத்த நிமிஷம் எனக்கு விளங்கிடுச்சு, நான் தினம் கேக்க நினைச்சு கேக்க முடியாம நின்ன கேள்வி, தானா நடந்து என்கிட்ட வந்து நிக்குது. தாராளமா எடுத்துக்கினு போங்கண்ணே, வயசானவரு, சூடா குடிக்கட்டும்னு டம்ளரை அவரு கையில குடுத்தேன். அவரு திரும்பறதுக்குள்ள, அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு டீ போட்டுட்டுப் போங்கன்னேன்.

அவரும் பழக்கத்துல சரின்னுட்டு டீயை ஆத்தினாரு. ஆத்தி முடிச்சு ஊத்தப் போனவரு அப்பிடியே நின்னுட்டாரு. என் டம்ளர் அவரு கக்கத்துல இருக்கு. ஒரு பக்கம் கிளாஸ் வரிசை, ஒரு பக்கம் ஆணி. கூட்டம் மொத்தமும் பாக்குது. அந்த வெத்தலைக்காரியும் தொட்டியோரமா நின்னு பாத்துக்கினு இருக்கா.

எதுல ஊத்தட்டும்னு ரொம்ப மெதுவா கேட்டாரு.

"உங்க மாமனாருக்கு என் டம்ளர். எனக்கு உங்க கிளாஸ்,"ன்னேன். "அங்க ரோட்டுல உக்காந்து இன்னா கேக்குறீங்க? உங்க பங்கைத்தானே? கேக்கிறது நியாயம். நானும் அதைத்தான் கேக்குறேன்."

அவரு கக்கத்துல இருந்த டம்ளரைப் பாத்தாரு. பாய்லர் கொதிச்சுக்கினே இருக்கு. அவரு நினைச்சிருந்தா என் டம்ளரைத் திருப்பிக் குடுத்துட்டிருக்கலாம். அதைத்தான் செய்யப் போறாருன்னு நினைச்சேன். பெரியவரு குளிர்ல உக்காந்திருக்கிறது ஞாபகம் வந்துச்சோ, இல்ல நான் கேட்டது உள்ள போச்சோ, எனக்குத் தெரியாது. கண்ணாடி கிளாஸ் ஒண்ணை எடுத்தாரு. கழுவி ஊத்தி நீட்டினாரு. பெஞ்சியில உக்காந்திருந்த ஒரு வெள்ளைச் சட்டைக்காரரு பாதி டீயோட தன் கிளாஸைத் தட்டுன்னு வச்சுட்டு எழுந்து போனாரு. கடைக்காரரும் அதைப் பாத்தாரு, நானும் பாத்தேன். நான் வாய் வச்சு, சூடா, அவசரமே படாம குடிச்சேன். அன்னிக்கு சக்கரை கம்மி. அதைப் பத்தி நான் புகார் சொல்லலை.

மூடி டம்ளர் போயிட்டுத் திரும்பி வந்துச்சு. கழுவி, துடைச்சு, மூடியைத் தனியா கழட்டி வச்சுக் குடுத்தாரு. அலுமினிய டம்ளரை நாங்கதான் கழுவணும், என் டம்ளரை மட்டும் அவரே கழுவிட்டாரு பாருங்க. பெரியவரு முதல்ல அண்ணாந்து ஊத்திப் பாத்து மீசையெல்லாம் டீ ஆக்கிக்கினாராம். அப்பால வாய் வச்சு உறிஞ்சிக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சுட்டு, இது எங்க கிடைக்கும்னு கேட்டாராம். யாரோடதுன்னு சொன்னீங்களான்னு கேட்டேன். கடைக்காரர் பாய்லரைப் பாத்துக்கினு, சொல்லலைன்னாரு.

ரோடு தொறந்து பஸ்ஸு ஓட ஆரம்பிச்சதும் நான் ஒரு முடிவு பண்ணினேன். ஒரு நாள் கூத்தா இது போவக் கூடாது. மூடி டம்ளரை வூட்லயே வச்சுட்டுக் கிளம்பினேன். அப்பா, எங்கேம்மா உன் சிங்கப்பூரு டம்ளர்னு கேட்டாரு. கடையில கிளாஸ் இருக்குப்பான்னேன். அவரு என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, பாத்துப் போம்மான்னு மட்டும் சொன்னாரு.

அடிவாரத்துல அந்தப் பொண்ணு ஆணி பக்கம் போய்க்கினு இருந்தா. கையைப் புடிச்சு நிறுத்தி, வா, கிளாஸ்ல கேப்போம்னேன். அவ்வளவு வாய் பேசறவ முகம் வெளுத்துட்டா.

"உனக்கு இன்னாக்கா, கவர்மெண்ட்டு சம்பளம். எனக்கு இவங்க காட்லதானே கூலி. நாளைக்கு வேலைக்கு வராதேன்னா நான் எங்க போவேன்?"

அவ சொன்னது நெசம். எனக்குப் போறதுக்கு ஒரு டீதான், அவளுக்குச் சோறு. அதுக்கு மேல நான் கையைப் புடிச்சு இழுக்கலை. உன் இஷ்டம்னுட்டு நான் மட்டும் நடந்தேன். கடை வாசல்ல போய் நிக்கும்போது பின்னாடி வெத்தலையைத் துப்புற சத்தம் கேட்டுச்சு. ஆனது ஆவட்டும்னு முணுமுணுத்துக்கினே வந்து என் பக்கத்துல நின்னா.

"ரெண்டு டீ அண்ணே. ரெண்டும் கிளாஸ்ல,"ன்னேன்.

கடைக்காரர் அவளைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. மூடி டம்ளர் எங்கன்னு கேட்டாரு. வூட்ல இருக்கு, இனிமே வராதுன்னேன். யாவாரம் படுத்துடும் நர்சம்மான்னு கெஞ்சற மாதிரி சொன்னாரு. படுத்தா நாங்க தினம் குடிச்சு எழுப்பி உக்கார வைக்கிறோம் அண்ணேன்னேன். அவருக்குச் சிரிப்பு வரலை. ஆனா அன்னிக்கு என் கிளாஸை எடுத்த கைக்கு இன்னிக்கு மறுக்க ஒரு காரணம் கிடைக்கலை. தலையைக் குனிஞ்சுக்கினு ரெண்டு கிளாஸ் எடுத்தாரு, ரெண்டுலயும் ஊத்தினாரு.

அவ கிளாஸை வாங்கினா. அப்பிடியே தலையை அண்ணாத்தி, கிளாஸை உதட்டுக்கு மேல தூக்கினா. கொதிக்கிற டீ. எங்கப்பா நிக்கிற மாதிரியே இருந்துச்சு எனக்கு.

"வாய் வச்சுக் குடிடி,"ன்னேன்.

கழுத்தை இறக்கி என்னைப் பாத்தா. கடைக்காரரைப் பாத்தா. அப்பால ரெண்டு கையாலயும் கிளாஸைப் புடிச்சு, வாய் வச்சு, ஊதி ஊதிக் குடிச்சா. குடிச்சு முடிச்சு வச்சப்ப கிளாஸ் விளிம்புல அவ உதடு செவப்பா வெத்தலைச் சாயத்துல பதிஞ்சிருந்துச்சு. எடுத்துக் கழுவப் போனவளை, வச்சுட்டுப் போன்னாரு கடைக்காரர். அந்தச் செவப்பை ஒரு தடவை பாத்தாரு. எல்லா கிளாஸும் கழுவுற அதே வாளித் தண்ணியில முக்கி, கட்டை விரலால தேய்ச்சு, மத்த கிளாஸுங்களோட வரிசையில கவுத்து வச்சாரு. என் கிளாஸையும் அப்பிடியே வச்சாரு.

மலை பஸ்ஸு வந்துச்சு. நான் ஏறி ஜன்னலோரமா உக்காந்து பாத்தேன். அந்த வெள்ளைச் சட்டைக்காரரு வந்து பெஞ்சியில உக்காந்து டீ கேட்டாரு. கடைக்காரர் அந்த வரிசையிலருந்து ஒரு கிளாஸை எடுத்து ஊத்திக் குடுத்தாரு. அது அவ கிளாஸா, என் கிளாஸா, வேற யாரோடதான்னு எனக்கே அடையாளம் தெரியலை. அவரு வாய் வச்சுக் குடிச்சாரு.